மெசின் ஆடுகிறது என்றால் எது ஆடுகிறது?

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு லேத் பட்டறையில் அரை மணி நேரம் நின்றால் “மெசின் ஆடுது” என்ற பேச்சு எப்படியும் காதில் விழும். வெட்டிய முகம் அலையலையாக வந்தாலும் மெசின் ஆடுகிறது; துளை அரை மில்லிமீற்றர் தள்ளிப் போனாலும் மெசின் ஆடுகிறது; கட்டர் பொருளைக் கவ்வி இழுத்து முறிந்தாலும் மெசின் ஆடுகிறது. பழுத்த தொழிலாளிக்கு இந்த ஒரு சொல் போதும், ஏனெனில் எந்த ஆட்டம் என்பதைக் கைச்சில்லைத் தொட்டதுமே அவரது கை சொல்லிவிடும். வீட்டுக் கொட்டிலில் ஒரு சிறு மில்லிங் இயந்திரத்தை வைத்துப் பழகத் தொடங்கியவருக்கு அந்தக் கை இன்னும் வாய்க்கவில்லை. அவர் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, இயந்திரத்தை மேம்படுத்தவென விற்கப்படும் பாகங்களில் விலை கூடிய ஒன்றை வாங்கிப் பூட்டுகிறார். ஆட்டமோ போகாமல் அப்படியே இருக்கிறது.

நானும் அந்த வழியால் வந்தவன்தான். கல்லடியில் வீட்டின் பின்புறம் தகரக் கூரை போட்ட கொட்டிலில் என் இயந்திரத்தை வைத்தபோது, அது உருக்கை வெட்டுகையில் கதறியது. வலு போதவில்லை என்று எண்ணி முதலில் மோட்டரை மாற்றினேன். பெரிய மோட்டர் வந்தபின் அது இன்னும் சத்தமாகக் கதறியது. ஆட்டம் என்று நாம் சொல்வது ஒன்றல்ல, ஒன்றுடன் ஒன்று தொடர்பற்ற மூன்று குறைகள் என்பதும், ஒவ்வொரு பாகமும் அவற்றில் ஒன்றுக்கு மட்டுமே மருந்து என்பதும் அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. அந்த மூன்றையும் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் வேலை.

இயந்திரத்தைப் பற்றிச் சில வரிகள்

லேத்தில் பொருள் சுழலும், உளி நிற்கும். மில்லிங் இயந்திரத்தில் கட்டர் சுழலும், பொருள் மெல்ல நகர்ந்து அதனிடம் வரும். பொருளை வைஸில் இறுக்கி மேசையில் வைக்கிறோம். மேசை இடம் வலமாகவும் முன் பின்னாகவும் நகர்வதற்கு இரண்டு கைச்சில்லுகள் உள்ளன. மேசையின் பின்னால் நிற்பது தூண். தூணில் ஏறி இறங்குவது தலை. தலைக்குள் சுழன்று கட்டரைப் பிடித்திருப்பது சுழல்தண்டு. வீட்டுக்கு வாங்கப்படும் சிறு இயந்திரம் பெரும்பாலும் 50 முதல் 60 கிலோ வரை நிறுக்கும். இரண்டு பேர் தூக்கி மேசைமேல் வைத்துவிடலாம். பெரிய பட்டறைகளில் உள்ள பிரிட்ஜ்போர்ட் வகை இயந்திரம் ஒரு தொன்னை நெருங்கும். கீழே சொல்லப்போகும் குறைகள் பெரிய இயந்திரத்திலும் உண்டு. ஆனால் அங்கே எடையும் தடிப்பும் அவற்றை மறைத்துவிடும், சிறிய இயந்திரத்தில் மறைக்க எதுவும் இல்லை.

முதலாவது: திருகில் உள்ள ஆட்டம்

நெல் மூட்டை ஏற்றிய பெட்டியை லேண்ட்மாஸ்டர் என்ற இரு சில்லு உழவு இயந்திரம் இழுத்துச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். லேண்ட்மாஸ்டரையும் பெட்டியையும் இணைக்கும் ஆணி, துளைக்குள் இறுக்கமாக இருப்பதில்லை. ஆணியைச் சுற்றிச் சிறிது வெளி இருக்கும். புறப்படும்போது லேண்ட்மாஸ்டர் முதலில் சற்று நகர்ந்து, அந்த வெளி தீர்ந்த பிறகே பெட்டி அசையும். சமதரையில் ஓடும்வரை இதனால் ஒரு தொல்லையும் இல்லை, ஏனெனில் ஆணி துளையின் ஒரு பக்கத்திலேயே அழுந்தி நிற்கிறது. குளக்கட்டிலிருந்து சரிவில் இறங்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. அப்போது பெட்டி பின்னாலிருந்து தள்ளுகிறது. ஆணி துளையின் மறுபக்கத்துக்குத் தாவி, முதுகில் “டொங்” என்று ஓர் இடி விழுகிறது.

மேசையின் கீழும் இதே ஏற்பாடுதான் இருக்கிறது. கைச்சில்லு ஒரு நீண்ட திருகைச் சுழற்றுகிறது. அத்திருகு மேசையுடன் தொடர்புள்ள ஒரு நட்டுக்குள் ஓடுகிறது. திருகின் புரிக்கும் நட்டின் புரிக்கும் இடையே கொஞ்சம் வெளி இல்லாவிட்டால் திருகு சுழலவே மாட்டாது. ஆகவே கைச்சில்லை ஒரு திசையில் சுற்றிவந்து மறுதிசைக்குத் திருப்பும்போது, அந்த வெளி தீரும் வரை சில்லு மட்டும் சுழலும், மேசை நகராது. இவ்வாறு வீணாகும் நகர்வையே பின்னாட்டம் என்கிறோம். பட்டறையில் பேக்லாஷ் என்பார்கள். திருகின் புரியிடைத் தூரம் 2 மில்லிமீற்றர் என்று கொள்வோம், அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு மேசை 2 மில்லிமீற்றர் நகரும். பின்னாட்டம் 0.2 மில்லிமீற்றர் என்றால், திசை மாறும் ஒவ்வொரு தடவையும் சுற்றில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 36 பாகை, வெறுமனே போய்விடும்.

அளவெடுப்பதைப் பொறுத்தவரை இதற்குச் செலவில்லாத மருந்து உண்டு: ஒவ்வொரு அளவுக்கும் ஒரே திசையிலிருந்தே வந்து சேர வேண்டும். தவறித் தாண்டிவிட்டால், சற்றுப் பின்வாங்குவதோடு நில்லாமல் அரைச் சுற்றுப் பின்னே போய், மறுபடி முன்னே வர வேண்டும். பின்னாட்டம் இருந்தபடியே இருக்கும், ஆனால் எப்போதும் ஒரே பக்கத்தில் அழுந்தியிருப்பதால் அளவு பிழைக்காது.

குளக்கட்டுச் சரிவு போன்ற தொல்லை வெட்டும் திசையில் இருக்கிறது. கட்டரின் பற்கள், மேசை நகரும் திசைக்கு எதிராகப் பொருளைத் தள்ளும்படி வெட்டினால் அதை எதிர்வெட்டு எனலாம். இது சமதரையில் பெட்டியை இழுப்பது போன்றது. திருகு எப்போதும் சுமையை எதிர்த்தே தள்ளுவதால் வெளி ஒரு பக்கத்திலேயே கிடக்கும். பற்கள் மேசை போகும் திசையிலேயே பொருளை இழுத்தால் அது உடன்வெட்டு. இதில் வெட்டிய முகம் பெரும்பாலும் பளபளப்பாக வரும், ஆனால் கட்டர் மேசையைப் பிடித்திழுத்துப் பின்னாட்டம் முழுவதையும் ஒரே கணத்தில் தாண்ட வைக்கும். ஒரு பல் இரண்டு நூறிலொரு மில்லிமீற்றர் வெட்டிக்கொண்டிருந்த இடத்தில் திடீரென இருபது வந்து விழுந்தால் முறிவது கட்டர்தான். அதனால்தான் பின்னாட்டமுள்ள கையியக்க இயந்திரத்தில் உடன்வெட்டைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். இறுதியாக மிக மெல்லிய ஒரு சீவலுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

சுருங்கச் சொன்னால், பின்னாட்டம் திருகுக்கும் நட்டுக்கும் இடையிலானது. திசை மாறும்போது மட்டுமே அது தலைகாட்டும். ஒரே திசையில் எதிர்வெட்டாக வெட்டும்போது அதனால் கெடுதல் இல்லை.

இரண்டாவது: வழியில் உள்ள ஆட்டம்

பழைய மேசையின் லாச்சியை நினைத்துப் பாருங்கள். இரண்டு கையாலும் நேராக இழுத்தால் வரும். ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் கோணிக்கொண்டு இறுகும். லாச்சிக்கும் அதன் கூட்டுக்கும் இடையே பக்கவாட்டில் உள்ள இடைவெளிதான் காரணம். மில்லிங் இயந்திரத்தின் மேசையும் தலையும் இவ்வாறே வழி எனப்படும் வழுக்குத் தடங்களில் ஓடுகின்றன. தச்சர்கள் பெட்டி மூலையில் போடும் புறாவால் பொருத்தின் வடிவில், அடிப்பக்கம் அகன்ற சரிந்த தடங்கள் அவை. தடத்தின் ஒரு பக்கத்தில் ஒரு மெல்லிய உலோகப் பட்டியைச் செருகி, வரிசையாகச் சில சிறு திருகுகளால் அதை அழுத்தி வைத்திருப்பார்கள். இந்தப் பட்டிக்கு ஜிப் என்று பெயர். லாச்சியின் பக்கத்தில் ஒரு மட்டையைச் செருகி இடைவெளியை அடைப்பதற்கு ஒப்பானது அது.

ஜிப் தளர்ந்திருந்தால் மேசை பக்கவாட்டில் நகர்வதோடு கோணவும் செய்யும். கைச்சில்லின் திசையில் அல்லாமல் அதற்குக் குறுக்காக வரும் ஆட்டம் இது, ஆகவே திருகை எவ்வளவு நல்லதாக மாற்றினாலும் இது போகாது. நான் பார்த்தவரை, பின்னாட்டம் என்று முறைப்பாடு செய்பவர்களில் பலரது இயந்திரத்தில் உண்மையில் இருப்பது தளர்ந்த ஜிப்.

இதைச் சரிசெய்ய ஒரு சிறு சாவியும் பொறுமையும் போதும். தடத்தைத் துடைத்து எண்ணெயிட்டு, ஜிப் திருகுகளை ஒவ்வொன்றாக, மேசை இறுகும் வரை முடுக்கி, பிறகு சுகமாக நகரும் அளவுக்கு மட்டும் தளர்த்தி, திருகு அசையாதபடி பிடித்துக்கொண்டே அதன் பூட்டு நட்டை இறுக்க வேண்டும். மலிவான இயந்திரங்களில் ஜிப் பட்டி மெல்லியதாக இருப்பதால் திருகு அழுத்தும் இடங்களில் மட்டும் வளைந்து தடத்தைத் தொடும், இடையிலே தொடாது. அப்படியானால் அதே சரிவில் சற்றுத் தடித்த பித்தளைப் பட்டி ஒன்றைச் செய்து போடுவது நல்ல முன்னேற்றம் தரும். வீட்டிலேயே செய்யக்கூடிய மேம்பாடுகளில் செலவுக்கு அதிகப் பலன் தருவது இதுவே என்பது என் எண்ணம்.

ஒவ்வொரு அச்சிலும், அதாவது நகரும் திசையிலும், ஒரு பூட்டுத் திருகும் இருக்கும். மேசையை இடம் வலமாக ஓட்டி வெட்டும்போது முன்பின் அச்சையும் தலையையும் பூட்டிவிட வேண்டும். இதைச் செய்யாமல் ஜிப்பைக் குறை சொல்வது, லாச்சியைத் திறந்து வைத்துவிட்டு அது ஆடுகிறது என்று சொல்வதைப் போன்றது.

மூன்றாவது: வளைவு

வாவியில் தோணி தள்ளும் கம்பைக் கையில் எடுங்கள். அதில் எங்கும் மூட்டு இல்லை, துளை இல்லை, தளர்வு இல்லை. ஆனாலும் அடிமுனையைச் சேற்றில் ஊன்றி மேல்முனையால் தள்ளினால் கம்பு வளைகிறது, விட்டால் நேராகிறது. இரும்பும் அப்படியே. மனிதக் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், விசை பட்டால் எந்த உலோகமும் வளையும், விசை போனால் திரும்பும். வளைய மறுக்கும் அளவையே விறைப்பு என்கிறோம். விறைப்பும் உறுதியும் ஒன்றல்ல என்பதை இங்கே கவனிக்க வேண்டும். உறுதி என்பது எவ்வளவு விசைக்கு உடையும் என்பது. விறைப்பு என்பது எவ்வளவு விசைக்கு எவ்வளவு வளையும் என்பது. மில்லிங் இயந்திரத்தின் தூண் ஒருநாளும் உடையப்போவதில்லை; வளைவதுதான் நம் கவலை.

ஒரு முனையில் பிடித்த கம்பின் வளைவுக்கு இரண்டு எளிய விதிகள் உண்டு. நீளம் இரட்டித்தால், அதே விசைக்கு வளைவு எட்டு மடங்காகும். விட்டம் இரட்டித்தால், வளைவு பதினாறில் ஒன்றாகக் குறையும். இந்த இரண்டு விதிகளும் பல பாகங்களை விட மேலானவை. கட்டர் சுழல்தண்டிலிருந்து 40 மில்லிமீற்றர் நீட்டி நிற்பதற்குப் பதிலாக 20 நீட்டி நின்றால் அதன் வளைவு எட்டில் ஒன்று. 6 மில்லிமீற்றர் கட்டருக்குப் பதிலாக 12 மில்லிமீற்றர் கட்டரைப் போட முடிந்தால் பதினாறில் ஒன்று. இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

ஆனால் கட்டர் தனியாக நிற்கவில்லை. கட்டர் பொருளைத் தள்ளும் விசை, சுழல்தண்டு வழியாகத் தலைக்கும், தலையிலிருந்து தூணுக்கும், தூணிலிருந்து அடித்தளத்துக்கும், அங்கிருந்து மேசைக்கும், வைஸுக்கும், பொருளுக்கும் சுற்றி வந்து கட்டரிடமே சேர்கிறது. இதை விசை வளையம் என்று சொல்லலாம். இந்த வளையத்தில் உள்ள ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு மூட்டும் தன் பங்குக்குச் சிறிது வளைகிறது; எல்லா வளைவுகளும் கூடியதே கட்டர் முனையில் நாம் காணும் வளைவு. ஓர் எடுத்துக்காட்டுக்கு, மொத்த வளைவு 0.06 மில்லிமீற்றர், அதில் தூணின் அடி மூட்டு 0.035, தலை 0.015, மற்றவை எல்லாம் சேர்ந்து 0.01 என்று வைப்போம். பெரும் செலவில் தலையைப் பலப்படுத்தி அதன் பங்கைப் பாதியாக்கினால் மொத்தம் 0.0525 ஆகும், வித்தியாசம் கண்ணில் படாது. அடி மூட்டின் பங்கைப் பாதியாக்கினால் 0.0425. மிக மென்மையான இடம் எதுவோ அங்கே தொட்டால்தான் பலன் கிடைக்கும்.

பல சிறு இயந்திரங்களில் அந்த இடம் உண்மையிலேயே தூணின் அடிதான். தூண் பக்கவாட்டில் சரியக்கூடியதாகச் செய்யப்பட்டு, ஒரே ஒரு பெரிய நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். சரிவாக வெட்ட வேண்டிய தேவை வருடத்துக்கு ஒரு தடவை வரலாம். அதற்காக ஒவ்வொரு நாளும் விறைப்பை இழக்கிறோம். சரிவு தேவைப்பட்டால் பொருளையே வைஸில் சரித்துப் பிடிக்கலாமே.

வெட்டும்போது கேட்கும் கதறலும் இந்த வளைவின் பிள்ளைதான். ஒரு பல் வெட்டும்போது இயந்திரம் சிறிது வளைகிறது, பல் வெளியேறியதும் துள்ளித் திரும்புகிறது, திரும்பும் நேரத்தில் அடுத்த பல் வந்து சேர்கிறது. முந்திய பல் விட்டுச்சென்ற அலையின் மேல் இந்தப் பல் வெட்டுவதால் அலை வளர்கிறது. பள்ளிக்கூடத்தில் அடிமட்டத்தை மேசை விளிம்பில் பிடித்துத் தட்டி வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு இந்த ஓசை தெரியும். இதற்கு அதிர்வொலி என்று பெயர் வைக்கலாம். பட்டறையில் சட்டரிங் என்பார்கள்.

இதுவரை பார்த்ததைத் திரட்டினால்: பின்னாட்டம் திருகில், கைச்சில்லின் திசையில் வருவது; வழியாட்டம் ஜிப்பில், குறுக்காக வருவது; இவை இரண்டிலும் பாகம் இடைவெளிக்குள் தாவுகிறது, தானாகத் திரும்பாது. வளைவில் எதுவும் தாவுவதில்லை. விசையை எடுத்ததும் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். இந்தத் திரும்புதலும் திரும்பாமையும்தான் அடுத்து வரும் சோதனையின் சாவி.

டயல் கேஜும் மீன்காரரின் தராசும்

தேவையானவை இரண்டு: காந்த அடி கொண்ட ஒரு டயல் கேஜ் (முனை மிகச் சிறிது அசைந்தாலும் முள்ளால் காட்டும் அளவுகருவி), மீன் சந்தையில் தொங்கும் வில் தராசு ஒன்று. டயல் கேஜ் நூறிலொரு மில்லிமீற்றர் காட்டினால் போதும்.

பின்னாட்டத்துக்கு, கேஜை அசையாத ஓரிடத்தில் நிறுத்தி அதன் முனையை மேசையில் படவைத்து, கைச்சில்லை ஒரு திசையில் சற்றுச் சுற்றி, கேஜையும் சில்லின் அளவையும் பூச்சியமாக்குங்கள். இனிச் சில்லை மெதுவாக எதிர்த்திசையில் சுற்றி, கேஜின் முள் அசையத் தொடங்கும் கணத்தில் நிறுத்துங்கள். சில்லு காட்டுவதே பின்னாட்டம். இதை மேசையின் நடுவிலும் இரு ஓரங்களிலும் செய்ய வேண்டும். நீண்ட நாள் பாவித்த இயந்திரத்தில் திருகு நடுவில்தான் அதிகம் தேய்ந்திருக்கும், ஏனெனில் வேலை எல்லாம் நடந்தது அங்கேதான்.

வளைவையும் வழியாட்டத்தையும் பிரிக்க, கேஜின் காந்த அடியை மேசையில் வைத்து முனையைச் சுழல்தண்டில் படவையுங்கள். எல்லா அச்சையும் பூட்டிவிட்டு, சுழல்தண்டில் ஒரு கயிற்றைக் கட்டி, வில் தராசு 10 கிலோ காட்டும் வரை முன்னோக்கி இழுத்து முள்ளைப் பாருங்கள். பின் விட்டுவிட்டு முள் எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். அடுத்துப் பின்னோக்கி அதேபோல் இழுத்து, விட்டு, குறியுங்கள். இழுவை இல்லாத அந்த இரண்டு நிலைகளும் ஒரே இடமானால் உங்கள் இயந்திரத்தில் இருப்பது வளைவு மட்டுமே. இரண்டும் வேறு வேறு இடமானால், அவற்றுக்கிடையே உள்ள தூரம் ஏதோ ஒரு மூட்டு வழுக்குகிறது என்பதற்கான அளவு. பிறகு கேஜின் அடியைத் தூணிலும் முனையைத் தலையிலும், அடுத்து அடியை அடித்தளத்திலும் முனையைத் தூணின் கால்பகுதியிலும் வைத்து மீண்டும் மீண்டும் இழுத்தால், விசை வளையத்தில் எந்த மூட்டு எவ்வளவு விட்டுக்கொடுக்கிறது என்ற கணக்கு ஒரு காகிதத்தில் வந்துவிடும். மின்சாரம் நின்றிருக்கும்போது, செருகியைக் கழற்றி வைத்துவிட்டே இந்த வேலைகளைச் செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

என் இயந்திரத்தில் பாதிக்கு மேற்பட்ட வளைவு தூணின் அடியில் இருந்தது. மோட்டருக்கு அதில் பங்கே இல்லை.

எந்தப் பாகம் எதற்கு மருந்து

இனி விற்பனைக்கு வரும் மேம்பாடுகளை இந்த மூன்று குறைகளோடு வைத்துப் பார்க்கலாம்.

டிஜிட்டல் அளவுகோல், அதாவது டீ.ஆர்.ஓ., மேசையிலேயே பூட்டப்பட்டு மேசை எங்கே நிற்கிறது என்பதை இலக்கத்தில் காட்டும். திருகைப் பார்க்காமல் மேசையைப் பார்ப்பதால் பின்னாட்டம் அளவைக் கெடுக்காது. துளை போடும் வேலைக்கு இது பெரிய வரம். ஆனால் பின்னாட்டம் அழியவில்லை, நம் கண்ணிலிருந்து மறைந்திருக்கிறது; உடன்வெட்டில் கட்டர் முன்பு போலவே மேசையைப் பறிக்கும், அளவுகோல் அந்தப் பறிப்பை மிகத் துல்லியமாகக் காட்டும்.

பல இயந்திரங்களில் நட்டு பிளந்ததாகவோ, இறுக்கும் சிறு திருகுகள் உள்ளதாகவோ இருக்கும். அதை முடுக்கினால் பின்னாட்டம் குறையும். நடுப்பகுதி தேய்ந்த திருகில் நடுவுக்கு ஏற்ப முடுக்கினால் ஓரங்களில் இறுகிவிடும் என்பதால் ஓரங்களுக்கு ஏற்பவே முடுக்க வேண்டும். மிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பந்துத் திருகு என்பது புரிகளுக்கிடையே சிறு உருக்குக் குண்டுகள் உருளும் திருகு. பட்டறையில் போல் ஸ்குரூ. பின்னாட்டத்தை ஏறக்குறைய இல்லாமலாக்கும் என்பதால் இதற்கு நல்ல பெயர். ஆனால் சாதாரணத் திருகில் உராய்வு ஒரு காவல் வேலையும் செய்கிறது: மேசையை எவ்வளவு தள்ளினாலும் திருகு தானாகச் சுழலாது. பந்துத் திருகில் அந்தக் காவல் இல்லை. மேசையைத் தள்ளினால் கைச்சில்லு சுழன்றுவிடும். கணினியால் ஓடும் சீ.என்.சி. இயந்திரத்தில் மோட்டர் திருகைப் பிடித்திருக்கும், ஆகவே கவலையில்லை. கையால் ஓட்டும் இயந்திரத்தில் வெட்டும்போது கட்டரே மேசையை ஓட்டப் பார்க்கும். கையியக்க இயந்திரத்துக்கு இதை வாங்க எண்ணுபவர்களை நான் தடுத்தே வருகிறேன்.

தூணைப் பலப்படுத்துதல் வளைவுக்கான மருந்து. தடித்த உருக்குத் தகடு ஒன்றைத் தூணின் பின்புறத்தில் பொருத்தி அதை அடித்தளத்தோடு பல பொல்ட்டுகளால் இணைக்கலாம். சரியாத தூண் கிடைத்தால் அதற்கு மாறலாம். இணைத்தபின் சுழல்தண்டு மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று கேஜால் பார்த்து, தேவையான இடத்தில் மெல்லிய தகடு செருக வேண்டும். வெற்றுச் சோடா டின்னின் சுவர் ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர் தடிப்புடையது. கத்தரியால் வெட்டி எடுக்கலாம்.

உள்ளே வெறுமையான தூணில் எபொக்சிப் பசையும் மணலும் கலந்து நிரப்புவதும் பலரால் பேசப்படுகிறது. இதைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. வார்ப்பிரும்போடு ஒப்பிடுகையில் அந்தக் கலவை மென்மையானது, ஆகவே விறைப்பை அது பெரிதாகக் கூட்டாது. அது கூட்டுவது எடையையும் அதிர்வை விழுங்கும் தன்மையையும். வெண்கல மணியின் உள்ளே மண்ணை நிரப்பினால் ஓசை செத்துப்போவது போல அதிர்வொலி குறையும். அடி மூட்டு தளர்ந்திருக்கும்போது தூணை நிரப்புவதில் பயனில்லை.

மோட்டரிலிருந்து சுழல்தண்டுக்கு வலுவைக் கொண்டுசெல்லும் பிளாஸ்ரிக் பல்சில்லுகளை எடுத்துவிட்டுப் பெல்ட் போடுவது நல்ல மாற்றம். சத்தம் குறையும், கட்டர் மாட்டிக்கொண்டால் பல் முறிவதற்குப் பதிலாகப் பெல்ட் வழுக்கும். ஆயினும் மூன்று ஆட்டங்களில் ஒன்றுக்கும் இது மருந்தல்ல.

மோட்டர் ஏன் கடைசியில்

சாதாரண மென்னுருக்கில் ஒரு கன மில்லிமீற்றரைச் சீவி எடுக்க ஏறக்குறைய 2 முதல் 3 யூல் சக்தி போதும். 10 மில்லிமீற்றர் அகலத்தில், 1 மில்லிமீற்றர் ஆழத்தில், நிமிடத்துக்கு 100 மில்லிமீற்றர் வேகத்தில் வெட்டினால் நிமிடத்துக்கு 1000 கன மில்லிமீற்றர் சீவல் வரும். அதைச் செக்கனுக்கு மாற்றிப் பெருக்கினால் தேவைப்படும் வலு ஏறக்குறைய 33 முதல் 50 வாற்று. சிறு இயந்திரத்தில் வழக்கமாக உள்ள 350 அல்லது 500 வாற்று மோட்டரில் பாதி, பல்சில்லுகளிலும் பெயாரிங்குகளிலும் வீணானாலும் இன்னும் பல மடங்கு மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சத்தை நாம் பாவிக்க முடியாததற்குக் காரணம், அதற்கு முன்பே இயந்திரம் வளைந்து கதறத் தொடங்கிவிடுவதுதான். வளையும் கம்பால் தோணியைத் தள்ளுபவருக்குக் கையில் வலு கூடினால் கம்பு இன்னும் வளையும், அவ்வளவே.

ஒரு விதிவிலக்கு உண்டு. மின்னணுக் கட்டுப்பாட்டுள்ள சிறு மோட்டர்கள் குறைந்த வேகத்தில் சுழற்சி வலுவை இழந்துவிடும். 10 மில்லிமீற்றர் அதிவேக உருக்குக் (எச்.எஸ்.எஸ்.) கட்டரால் மென்னுருக்கை நிமிடத்துக்கு 25 மீற்றர் வெட்டுவேகத்தில் வெட்டுவதற்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 800 சுற்று வேண்டும். 40 மில்லிமீற்றர் கட்டருக்கு 200 சுற்றுத்தான். அந்த 200 சுற்றில் மோட்டர் நின்றுபோனால், அப்போது மோட்டரைப் பற்றி யோசிக்கலாம்.

கடற்கரை ஊருக்கான சில சொற்கள்

நம் கரையோரத்தில் உப்புக்காற்று வேறு எந்தக் குறையையும் விட வேகமாக இயந்திரத்தைத் தின்னும். வழுக்குத் தடத்தில் துரு குழி விழுத்தினால் ஜிப்பை எவ்வளவு நன்றாகச் சரிசெய்தாலும் அது ஓரிடத்தில் தளர்ந்தும் ஓரிடத்தில் இறுகியும் இருக்கும். வேலை முடிந்ததும் சீவலைத் தூரிகையால் கூட்டி, தடங்களில் எண்ணெய் பூசி, துணியால் மூடிவைக்க வேண்டும். நெய்லோன் உறை ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும் என்பதால் பருத்தித் துணியே நல்லது. சீவலைக் கையால் தொடுவதும் கையுறை போட்டுக்கொண்டு சுழலும் கட்டருக்குக் கிட்டப் போவதும் கூடாது. வீட்டுக் கொட்டில்தானே என்று சாரத்தோடு நின்று மில்லிங் ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். சுழல்தண்டு துணி எது, தோல் எது என்று பார்ப்பதில்லை.

வெப்பமும் ஒரு கணக்குக் கேட்கும். தகரக் கூரையின் கீழ் காலைக்கும் மதியத்துக்கும் இடையே 10 பாகை வித்தியாசம் சாதாரணம். 200 மில்லிமீற்றர் நீளமான அலுமினியத் துண்டு 10 பாகை சூடேறினால் ஏறக்குறைய 0.046 மில்லிமீற்றர் நீளும். அதே நீள உருக்கு அதில் பாதி நீளும். காலையில் கண்ட அளவை மதியம் மீண்டும் பார்த்துவிட்டு, நேற்றுத்தான் சரிசெய்த இயந்திரம் மறுபடி ஆடத் தொடங்கிவிட்டது என்று ஜிப் திருகுகளில் கைவைத்தவன் நான். இப்போது கேஜையும் தராசையும் எடுப்பது விடியற்காலையில், வாவிப் பக்கக் காற்று கொட்டிலுக்குள் வந்துகொண்டிருக்கும்போது மட்டும்தான்.